கனி காக்கும், கண்புரையைக் கரைக்காது

“பார்வை மங்குகிறது, நெல்லிக்காய் தின்றால் தெளிந்துவிடுமா?” எம் புறநோயாளர் பிரிவில் முதியோரும் அவர்தம் பிள்ளைகளும் அடிக்கடி எழுப்பும் வினா இது. கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் பிறர் கைபற்றாமல் சுற்றிவர விரும்பும் பெரியோருக்கு இதற்கான விடை மிக முக்கியமானது.

கண்ணில் விழும் ஒளியும், விழித்திரை இடைவிடாது செலவிடும் ஆக்சிஜனும் நிலையற்ற மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. இளமையில் உடல் இவற்றை எளிதில் அடக்குகிறது. முதுமையில் அத்திறன் குறைவதால் லென்ஸின் புரதங்கள் சிதைந்து கண்புரை தோன்றுகிறது. விழித்திரையின் நடுப்பகுதி நலிந்தால் நேர்ப்பார்வை குன்றுகிறது. வைட்டமின் சி, லூட்டின் போன்ற ஆன்டி ஆக்சிடென்ட்கள் இச்சிதைவைத் தணிக்க வல்லவை.

வட, தென்னிந்தியப் பகுதிகளில் 60 வயதும் அதற்கு மேலும் ஆன 5,638 பேரை ஆராய்ந்த ஆய்வு 2011ஆம் ஆண்டு வெளியாயிற்று. இரத்தத்தில் வைட்டமின் சி மிகுந்திருந்தோரிடம் கண்புரை குறைவாகக் காணப்பட்டது. எனினும், மதுரையை அடுத்த சிற்றூர்களில் 35 முதல் 50 வயது வரையிலான 798 பேரிடம் 5 ஆண்டுகள் நடந்த சோதனையில், வைட்டமின் மாத்திரைகள் கண்புரையின் வளர்ச்சியைத் தடுக்கவில்லை.

ஆகவே நாங்கள் கூறுவது இதுவே: கனிகளை நாள்தோறும் உண்ணுங்கள், ஆனால் அவற்றை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். கலங்கிய லென்ஸை எக்கனியும் தெளிவாக்காது. அறுவை சிகிச்சையே அதற்கு வழி. புரை மிக முற்றினால் கண்ணழுத்தம் உயரக்கூடும். அறுவை சிகிச்சையும் கடினமாகும்.

விலையுயர்ந்த அயல்நாட்டுப் பழங்களைத் தேட வேண்டியதில்லை. ஒரு கொய்யாப்பழமே அன்றைய வைட்டமின் சி தேவையை நிறைவு செய்யும். நெல்லிக்காய், பப்பாளி, ஆரஞ்சு ஆகியனவும் நன்று. லூட்டின் பெறக் கீரையைச் சேர்த்துக்கொள்க. நீரிழிவுடையோர் பழச்சாற்றையும் தேன் நெல்லியையும் தவிர்த்து, பழத்தை அளவோடு கடித்துண்பது நலம். சிறுநீரக நோயுடையோர் மருத்துவரைக் கேட்டே பழங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விழித்திரையின் நடுப்பகுதி ஓரளவு சிதைந்தவர்களுக்கு மட்டும், குறிப்பிட்ட அளவில் வைட்டமின்களும் துத்தநாகமும் கலந்த மாத்திரை நோய் முற்றுவதைத் தாமதப்படுத்தும் என்பது அமெரிக்க ஆய்வில் தெரியவந்துள்ளது. அதனை மருத்துவர் கூறாமல் வாங்கலாகாது. பீட்டா கரோட்டின் கொண்ட மாத்திரை, புகைப்போருக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பை மிகுவிக்கும். புகையை அறவே விடுவதும், வெயிலில் தொப்பி அணிவதும் கண்ணுக்குப் பெருங்காவல்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெரியவர் படியில் தடுமாறினாலோ, நேர்க்கோடுகள் வளைந்து தெரிகின்றன என்றாலோ, அதை முதுமையின் இயல்பென விட்டுவிடாதீர்கள். உடனே கண் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.