முதல் தொகுதிக்கு 48 ஆண்டுகள்

சீனாவின் கான்சு மாகாணத்தில், கோபி பாலைவனத்தின் ஓரத்தில், துன்ஹுவாங் ஊரிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி ஒரு செங்குத்தான பாறைச் சரிவு. அதைக் குடைந்து உண்டாக்கியவைதான் மோகாவ் குகைகள். 285-ஆம் எண் குகைக்குள் நுழைந்தால் எதிர்ச் சுவரில் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். அருகில் பால்முகத்தோடு குமரன். இருவருக்கும் மேலே காளை வாகனத்தில் மகேசுவரர். பௌத்தத்தின் காவல் தெய்வங்களாக அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தவர்கள். அண்ணாந்து பார்த்தால் கூரைச் சரிவில் சீனப் புராணத்து ஃபூஷியும் நூவாவும், கையில் கவராயமும் மூலைமட்டமுமாக. தெற்காசியாவும் கிழக்காசியாவும் ஒரே அறைக்குள் சந்தித்துக்கொண்ட இடம் இது.

இந்தக் குகையின் வடக்குச் சுவரில் கி.பி. 538, 539 என்று கணக்கிடக்கூடிய இரண்டு ஆண்டுகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஃபான் ஜின்ஷி என்ற ஆய்வாளரின் வாழ்நாள் உழைப்பைப் புரிந்துகொள்ள இங்கிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். ஓவியமும் சிற்பமும் உள்ள 492 குகைகளில் பெரும்பாலானவற்றில் ஆண்டுக் குறிப்பு கிடையாது. குகையின் அமைப்பு, சிலையின் ஆடை மடிப்பு, ஓரப் பூவேலை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து, ஒத்தவற்றை ஒன்றாகச் சேர்த்து, எது முந்தியது எது பிந்தியது என்று வரிசைப்படுத்த வேண்டும். அந்த வரிசையை 285 போன்ற ஆண்டு தெரிந்த குகையோடு பொருத்த வேண்டும். மா ஷிசாங், குவான் யூஹுய் ஆகியோருடன் சேர்ந்து ஃபான் வட வம்சங்கள் காலத்துக் குகைகளை இப்படித்தான் நான்கு கட்டங்களாகப் பிரித்தார்.

1938-இல் பிறந்து ஷாங்காயில் வளர்ந்தவர். பீகிங் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படித்தார். குகைக்கோயில் ஆய்வுக்கு முறை வகுத்துக் கொடுத்த சூ பாய்தான் ஆசிரியர். 1962-இல் பயிற்சிக்காக துன்ஹுவாங் வந்தவருக்கு அந்த ஊர்த் தண்ணீரும் சாப்பாடும் ஒத்துக்கொள்ளாமல் உடம்பு கெட்டது. அடுத்த ஆண்டு படிப்பு முடிந்ததும் வேலைக்கு அனுப்பியதும் அதே ஊருக்குத்தான். மகளின் உடல்நிலையைச் சொல்லி அப்பா எழுதிக் கொடுத்த கடிதத்தை அவர் பல்கலைக்கழகத்தில் கொடுக்கவே இல்லை. மண் வீடு, உப்புத் தண்ணீர், மின்சாரம் கிடையாது. கணவர் பெங் ஜின்சாங் வூஹானில் தொல்லியல் பேராசிரியர். திருமணமாகி 19 ஆண்டுகள் ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். 1986-இல் கணவர் அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. யாரும் பெரிதாகக் கவனிக்காத வடக்குப் பகுதியின் 243 குகைகளையும் அகழ்ந்தார். சிரியாக் மொழியில் எழுதிய விவிலியத் தாளும் பாரசீக வெள்ளிக்காசும் கிடைத்தன.

ஃபானை ‘துன்ஹுவாங்கின் மகள்’ என்கிறது சீனா. அன்பான பட்டம்தான். ஆனால் அவர் பட்ட கஷ்டத்தையே திரும்பத் திரும்பப் பேசுவதில் அவருடைய படிப்பு மறைந்துபோகிறது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

1998-இல், 60 வயதை நெருங்கும்போது, துன்ஹுவாங் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். அந்தச் சமயத்தில்தான் மோகாவை ஒரு சுற்றுலா நிறுவனத்தோடு சேர்த்துப் பங்குச்சந்தைக்குக் கொண்டுபோகும் யோசனை கிளம்பியது. ஃபான் முடியவே முடியாது என்று நின்றார். காரணம் சுவரிலேயே இருந்தது. ஓவியத்துக்கு அடியிலுள்ள மண்பூச்சில் உப்பு ஊறியிருக்கிறது. கூட்டம் உள்ளே விடும் மூச்சில் காற்று ஈரமானால் அந்த உப்பு கரைகிறது. காய்ந்தால் மறுபடி படிகமாகி, பூச்சைத் தள்ளிப் பெயர்க்கிறது. வண்ணம் பொடிப்பொடியாக உதிர்கிறது. அதனால் பார்வையாளர் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. குகைகளை ஒவ்வொன்றாக டிஜிட்டல் படமெடுத்தார்கள். 2016-இல் 30 குகைகளை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

இவ்வளவுக்கும் நடுவே, 1963-இல் வரும்போது அவர் கையில் கொடுத்த வேலை அப்படியே நின்றது. குகைகளின் முழுமையான தொல்லியல் அறிக்கைதான் அது. அறிக்கை என்றால் வர்ணனை இல்லை. குகையே நாளை இல்லாமல் போனாலும், அந்தப் புத்தகத்தை வைத்து அதை மறுபடி எழுப்பிவிடும் அளவுக்கு அளவும் வரைபடமும் இருக்க வேண்டும். மோகாவில் ஒரு சுவர்கூட நேராக இல்லை. நாடாவைப் பிடித்து அளந்து கையால் வரைந்தால் எங்காவது இடிக்கும். லேசர் வருடல் வந்த பிறகுதான் வரைபடம் நம்பும்படி அமைந்தது.

2011-இல் முதல் தொகுதி வெளிவந்தபோது அவருக்கு வயது 73. 266 முதல் 275 வரையிலான குகைகள் மட்டுமே அதில் அடக்கம். காலைக் குறுக்காக வைத்து மூன்று மீட்டருக்கு மேல் உயரமாக அமர்ந்திருக்கும் மைத்ரேயர் 275-இல்தான் இருக்கிறார். மொத்தம் சுமார் 100 தொகுதிகள் என்பது திட்டம்.

2014-இல் இயக்குநர் பொறுப்பை விட்டார். அறிக்கை வேலை தொடர்ந்தது. இரண்டாவது தொகுதி 256, 257, 259 ஆகிய குகைகளைப் பற்றியது. அதில் 257-இன் மேற்குச் சுவரில்தான் புத்தரின் முற்பிறவியைச் சொல்லும் ஒன்பது நிற மானின் ஜாதகக் கதை இருக்கிறது.