உங்களுக்குத் தெரியுமா? அட்டையில் துளை போட்ட பெண்கள்

● பத்தமடைக் கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையே நெய்து கொடுப்பார்கள். கோரையில் எழுத்து விழ வேண்டுமானால், எந்தப் பாவு நூலுக்கு மேலே, எதற்குக் கீழே என்ற கணக்கு ஒரு வரியிலும் பிசகக்கூடாது. இந்தக் கணக்கை மனதில் வைத்து நெய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

● அப்படிப்பட்ட கணக்கை அட்டையில் துளைகளாக ஏற்றி 1804-ல் புகழ்பெற்றவர் பிரான்சின் ஜக்கார்டு. துளை இருந்தால் பாவு நூல் மேலே எழும். இல்லாவிட்டால் அப்படியே கிடக்கும். காஞ்சிபுரத்துத் தறிகளிலும் இந்த அட்டைச் சங்கிலியைப் பார்க்கலாம்.

● சார்லஸ் பாபேஜ், தான் வடிவமைத்த கணிப்பு இயந்திரத்துக்கு இதே அட்டையைத்தான் நம்பினார். அது பூ நெய்யும் தறிபோல இயற்கணிதத்தை நெய்யும் என்று 1843-லேயே விளக்கியவர் அடா லவ்லேஸ். இயந்திரமோ முழுதாக உருவாகவே இல்லை!

● 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆளுக்கு ஓர் அட்டை. ஹோலரித் என்பவர் உருவாக்கிய கருவியில் 6 கோடிக்கும் மேற்பட்டோருக்கு அட்டை குத்தினார்கள். குத்தியவர்களில் பெண்கள் ஏராளம்.

● 1928-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த அட்டையில் 80 பத்திகள். ஒரு பத்தியில் ஓர் எழுத்து அல்லது ஓர் எண். ஆக, ஓர் அட்டைக்கு 80 எழுத்துதான்!

● 1946-ல் உலகம் வியந்த எனியாக் கணினியில் சுமார் 18,000 வால்வுகள். விவரங்கள் அட்டை வழியாகவே உள்ளே போயின. அதற்கு நிரல் அமைத்தவர்கள் 6 பெண்கள்: கேத்லீன் மெக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சஸ் பைலஸ், ரூத் லிக்டர்மன். அறிமுக விழா விருந்துக்கு இவர்களுக்கு அழைப்பு இல்லை.

● 1955-ல் பிரிட்டிஷ் அரசுப் பணியில் ஆண், பெண்ணுக்குச் சம ஊதியம் தர முடிவானது. ஆனால் அட்டை இயந்திரம் போன்றவற்றை இயக்கும் பிரிவுப் பெண்களுக்கு அது இல்லை. காரணம்? ஒப்பிட்டுப் பார்க்க அந்த வேலையில் ஆண்களே இல்லையாம்!

● இந்திய ரயில்வே தலைமையகங்களுக்கு ஐ.பி.எம். 1401 கணினி 1960-களில் வந்தது. நெல்லை ஜங்ஷன் அடங்கிய தெற்கு ரயில்வேக்கும் கிடைத்தது. சம்பளப் பட்டியலோ சரக்குக் கணக்கோ, முதலில் அட்டையில் ஏற வேண்டும். அதற்கென்றே ‘கீ பஞ்ச் ஆபரேட்டர்’ என்று ஒரு பதவி இருந்தது.

● அட்டை குத்தும் இயந்திரத்தின் எழுத்து விசைகள் டைப்ரைட்டர் வரிசையில்தான் இருக்கும். எண்களோ வலது கை எழுத்து விசைகளிலேயே ஒளிந்திருக்கும். டைப்ரைட்டிங் தெரிந்த பெண்ணுக்குப் பாதி வேலை ஏற்கெனவே கைவந்தது.

● ஒருவர் குத்திய அட்டையை வெரிஃபையர் இயந்திரத்தில் வைத்து, இன்னொருவர் அதே விவரத்தை மறுபடி அடிப்பார். இரண்டும் பொருந்தினால் அட்டையின் வலது ஓரத்தில் சிறு வெட்டு விழும். புதுக் கடவுச்சொல்லை இன்று நம்மை இரண்டு முறை அடிக்கச் சொல்வதும் இந்த உத்திதான்.

● 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 வந்தது. அந்தக் காலத்தில் நிரலின் ஒரு வரிக்கு ஓர் அட்டை. கட்டு கை தவறிச் சிதறினால் வரிசையே போச்சு! அதனால் கட்டின் மேல்பக்கத்தில் குறுக்கே சாய்கோடு போட்டு வைப்பார்கள். கோடு உடைந்திருந்தால் அட்டை இடம் மாறியிருக்கிறது என்று பொருள்.

● பஞ்ச் அட்டை மறைந்துவிட்டது. டைப்ரைட்டிங் மறையவில்லை. ஆங்கில டைப்ரைட்டிங்கில் லோயர் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் தேர்வுக்கு 45. டி.என்.பி.எஸ்.சி. குரூப்-4 தட்டச்சர் பணிக்கு இன்றும் இந்தத் தேர்வுச் சான்றிதழ் வேண்டும். பாளையங்கோட்டையில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகும் மகளிடம் “கம்ப்யூட்டர் காலத்தில் இது எதுக்கும்மா?” என்று கேட்பவர்களுக்கு, கம்ப்யூட்டர் காலத்தைத் தொடங்கி வைத்ததே இந்த விரல்கள்தான் என்று சொல்லலாம்!