வெயிலில் மேலேறும் பாட்டு

மார்கழி சீசனில் சென்னை சபாக்கள் பிற்பகல் வேளையை வளரும் கலைஞர்களுக்கு ஒதுக்குகின்றன. பல இடங்களில் அதற்கு டிக்கெட் கிடையாது. கல்லூரி விழாக்களிலும் இதே கதைதான்: புது பேண்டுகளுக்கு மத்தியானம், பெயர் பெற்றவர்களுக்கு இரவு. சபாவுக்காவது கூரையும் சுவரும் உண்டு. சென்னையை அடுத்த வண்டலூரைச் சுற்றியுள்ள கல்லூரி மைதானங்களில் திறந்தவெளி மேடை ஏறும் பிள்ளைகளுக்கு, பகலிலேயே ஒலிக்கு மிகப் பாதகமான நேரம் வாய்க்கிறது.

காற்று சூடானால் ஒலி வேகமாக ஓடும். 0 டிகிரியில் விநாடிக்குச் சுமார் 331 மீட்டர். டிகிரிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். மதியம் இரண்டு மணிக்கு மைதானம் கொதிக்கும்போது தரையை ஒட்டிய காற்று கடும் சூடு, மேலே போகப் போகச் சூடு குறைவு. ஆக, ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும் அலையின் அடிப்பகுதி முந்துகிறது, தலைப்பகுதி பிந்துகிறது. அணிவகுப்பில் ஒரு ஓரத்தில் இருப்பவர்கள் மட்டும் எட்டி நடந்தால் மொத்த வரிசையும் மறுபக்கம் திரும்பிவிடும் அல்லவா, அப்படித்தான் அலையும் வானத்தை நோக்கித் திரும்பிவிடுகிறது. மேடையிலிருந்து நூறு, இருநூறு மீட்டர் தாண்டினால் பாட்டு தலைக்கு மேலே போய்விடும். அங்கே ஒரு ஒலி நிழல் விழுகிறது. தாழ்ந்த சுருதி ஒலிகள் மட்டும் அந்த நிழலுக்குள் ஓரளவு வளைந்து புகும். பின்னால் நிற்பவருக்கு டிரம்ஸின் 'டும் டும்' கேட்கும். பாட்டு வரி பிடிபடாது. பாடகர் சொதப்புகிறார் என்று நினைத்துவிடுவார், பாவம்!

1870களில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியியலாளர் இந்த வளைவை விளக்கினார். இரவில் எல்லாம் தலைகீழ். தரை குளிர்ந்து, அதற்கு மேலுள்ள காற்று சற்றுச் சூடாக இருக்கும்போது ஒலி கீழே வளைந்து வரும். பகலில் காதில் விழாத ரயில் ஹாரன் இரவில் தெளிவாகக் கேட்பதற்கு ஊர் அடங்குவது மட்டும் காரணமில்லை. ஆப்பிரிக்க சவானாவில் யானைகளின் அடிக்குரல் எட்டும் பரப்பு, மதியத்தைவிட அந்தி சாய்ந்தபின் பத்து மடங்கு வரை விரியக்கூடும் என்று 1990களில் கணக்கிட்டார்கள்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு நல்ல துணை உண்டு: கடற்காற்று. வண்டலூர் கடலிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருப்பதால் அங்கே சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேரும். காற்று தரையருகே மெதுவாகவும் உயரத்தில் வேகமாகவும் வீசும். அதனால் அது வீசும் திசையில் போகும் ஒலி கீழே வளையும், எதிர்த்துப் போகும் ஒலி மேலே வளையும். மேடையைக் கிழக்கில் போட்டு, மக்களை மேற்கில் உட்காரவைத்தால் காற்றே பாட்டைச் சுமந்து வந்து தரும். வெயிலும் கேட்பவர்களின் முதுகுக்குப் போய்விடும். மேடையில் நிற்பவர்களுக்குத்தான் கண் கூசும். முன்பக்கம் ஒரு பந்தல் நீட்டினால் தீர்ந்தது.

வாத்தியங்களையும் வெயில் விட்டுவைப்பதில்லை. கிதாரின் உலோகத் தந்தி சூட்டில் நீண்டு தளரும், சுருதி இறங்கும். குழலிலோ உள்ளிருக்கும் காற்று சூடேற, சுருதி ஏறும்: பத்து டிகிரிக்கு ஏறத்தாழ அரை ஸ்வரத்தில் கால் பங்குக்கும் மேல். நிழலில் கூட்டிய சுருதி வெயிலில் நிற்காது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கிதார்காரர் குனிந்து முறுக்காணியைத் திருகுவதைப் பார்த்து யாரும் பொறுமை இழக்க வேண்டாம். பறைக்கு மட்டும் இந்த வேளை தோது. ஈரம் வற்றினால் தோல் இறுகி நாதம் எழும். அதற்காகத்தான் கலைஞர்கள் தீ மூட்டிக் காய்ச்சுகிறார்கள். மத்தியான வெயில் அந்த வேலையைச் சும்மாவே செய்து தரும். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு தன் முதல் மேடையில் பறையையும் கிதாரையும் ஒன்றாக ஒலிக்கவிட்டது. அதே கூட்டணி மதியம் இரண்டு மணிக்கு மேடையேறினால், ஒன்று இறுக இறுக மற்றது தளரும்.

மைக் செட்காரர்கள் ஸ்பீக்கரை உயரத்தில் தொங்கவிட்டு, கூட்டத்தின் மீது கீழ்நோக்கிச் சாய்ப்பதில், ஒலி மேலே வளைந்துவிடும் சிக்கலுக்கும் பதில் இருக்கிறது: கொதிக்கும் தரையை உரசாமல் வரும் ஒலி நிழலில் சிக்காமல் கூடுதல் தூரம் எட்டும். அத்தனை வசதி இல்லாத இலவசக் கச்சேரிகளில் கேட்பவர்கள்தான் இடம் மாற வேண்டும். கடைசியில் மரத்தடியில் நிற்காமல், வெயிலைப் பொறுத்துக்கொண்டு மேடைக்கு ஐம்பது மீட்டருக்குள் வந்துவிட்டால் ஒலி வளைய அவகாசமே இருக்காது. அந்தப் பிள்ளைகள் எழுதிய வரிகள் முழுசாகக் காதில் விழும்.