கோழித் தலையும் கேமராக் கண்ணும்



நம் கூட்டமைப்பின் மரச்செக்குக் கொட்டகையில் போன ஆண்டு ஒரு கேமரா மாட்டினோம், நினைவிருக்கும். ஆள் நடந்தால் கூடவே திரும்பிப் பார்க்கிற கேமரா. "இது ஒண்ணு இருந்தா நாலு கேமராவுக்குச் சமம்" என்று விற்றவர் சொன்னார். நாமும் நம்பி வாங்கினோம்.

ஆடி மாதத்தில் இருப்பு எடுத்தபோது மூன்று டின் நல்லெண்ணெய் குறைந்தது. பதிவைப் போட்டுப் பார்த்தோம். விடியற்காலை இருட்டில், கறுப்பு வெள்ளையில், ஒரு பெண் உருவம் கதவுப் பக்கம் போகிறது. படம் முழுக்க ஒரே அதிர்வு. முகம் தெரியவில்லை. அடுத்த நொடி தெருநாய் ஒன்று ஓட, கேமரா நாயின் பின்னால் திரும்பிவிட்டது. அப்புறம் வெறும் தெருதான்.

அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருவர், "நடையப் பார்த்தா சாவி வச்சிருக்கிற அக்கா மாதிரிதான் இருக்கு" என்று சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த அக்கா ஒரு வார்த்தையும் பேசாமல் சாவியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த இரண்டு வாரம் கூட்டத்துக்கே வரவில்லை. பன்னிரண்டு வருடமாக நம்மோடு இருப்பவர்.

அந்த மூன்று டின் எங்கே போனது என்பதைக் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன்னால், கேமரா எப்படி அசைவைப் பிடிக்கிறது, எப்படித் தன் ஆட்டத்தைச் சமாளிக்கிறது, எங்கே ஏமாறுகிறது என்று நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்திருந்தால் அன்றைக்கு அந்தப் பேச்சே வந்திருக்காது.

முதலில் ஒரு சோதனை

இந்த மடலைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். தலையை அசைக்காமல், தாளை மட்டும் இடமும் வலமும் வேகமாக ஆட்டுங்கள். எழுத்து கலைந்துபோகும், படிக்க முடியாது. இப்போது தாளை அசையாமல் வைத்து, தலையை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்து ஓரளவு நன்றாகவே தெரியும்!

இது எப்படி? நம் உள்காதில் வளையம் போன்ற மூன்று குழாய்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் நீர் உண்டு. தலை திரும்பினால் அந்த நீர் அசைந்து மூளைக்குச் செய்தி போகும். தலை வலப்பக்கம் போனால் கண்விழி அதே அளவு இடப்பக்கம் போகும். இதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு விநாடிதான். ஆனால் தாள் ஆடும்போது கண் அதைப் பார்த்து, புரிந்து, பிறகுதான் துரத்த வேண்டும். அதற்குள் தாள் திரும்பிவிடும்.

கோழியைக் கையில் பிடித்து அதன் உடம்பை மேலும் கீழும் மெல்ல அசைத்துப் பாருங்கள். உடம்பு அசையும், தலை ஒரே இடத்தில் நிற்கும். கோழியின் கண்விழி நம் விழி போல அதிகம் சுழலாது. அதனால் கழுத்தே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

அசைவை உணர்வது, கணக்குப் போடுவது, எதிர்ப்பக்கம் திருத்துவது. இந்த மூன்றும்தான் நல்ல கேமரா செய்கிற வேலையும்.

படம் ஏன் கலங்குகிறது?

வீடியோ என்பது தனித்தனிப் படங்களின் வரிசை. ஒரு விநாடிக்கு 25 படம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படத்துக்கும் கேமரா கொஞ்ச நேரம் கண்ணைத் திறந்து வெளிச்சத்தை வாங்க வேண்டும். நல்ல வெயிலில் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி போதும். இருட்டில் 25-ல் ஒரு பங்கு விநாடி வரைக்கும் திறந்தே வைத்திருக்கும்.

சாதாரணமாக நடக்கிற ஒருவர் ஒரு விநாடியில் ஒன்றேகால் மீட்டர் தூரம் போவார். அப்படியானால் 25-ல் ஒரு பங்கு விநாடியில் 5 செ.மீ. நகர்ந்துவிடுவார். கண்ணும் மூக்கும் ஒன்றோடொன்று இழைந்துபோக அது போதும்.

இதோடு கேமராவும் ஆடினால்? கேமரா அரை டிகிரி அசைந்தாலே 10 மீட்டர் தள்ளியிருக்கும் பொருள் படத்தில் ஏறக்குறைய 9 செ.மீ. இடம் மாறும். நாம் கேமராவை மாட்டியிருந்த இடம் தகரக் கூரையின் இரும்புக் குழாய். பகலில் செக்கு மோட்டார் ஓடினால் குழாய் நடுங்கும். ஆடிக் காற்றில் கேட்கவே வேண்டாம்.

ஆட்டத்தை அடக்க நாலு வழி

முதல் வழி, அசையாத இடத்தில் பொருத்துவது. இதற்குச் செலவே இல்லை. கனமான சுவர், கான்கிரீட் தூண் இவையே சிறந்தவை.

இரண்டாவது, பாரத்தைக் கொண்டு சமன் செய்வது. உறியில் தொங்கும் பானையைப் பாருங்கள். கயிறு கட்டிய உத்தரம் கொஞ்சம் சாய்ந்தாலும் பானை நேராகவே நிற்கும். அமெரிக்காவின் கேரட் பிரௌன் என்பவர் 1970-களில் எடைகளும் வில்சுருள் கைகளும் வைத்து, உடம்பில் மாட்டிக்கொண்டு நடக்கிற கேமராத் தாங்கி ஒன்றைச் செய்தார். ஸ்டெடிகேம் என்று பெயர். 1976-ல் வந்த 'ராக்கி' படத்தில் கதாநாயகன் படிக்கட்டில் ஓடும்போது கேமராவும் கூடவே குலுங்காமல் ஓடியது இதனால்தான்.

மூன்றாவது, மோட்டார் வைத்துத் திருத்துவது. கல்யாண வீட்டில் வீடியோ எடுப்பவர் கையில் கைப்பிடி போல ஒன்று வைத்திருப்பார், பார்த்திருப்பீர்கள். அதற்கு கிம்பல் என்று பெயர். மேலும் கீழும், இடமும் வலமும், பக்கச் சாய்வு என மூன்று அசைவுக்கும் மூன்று மோட்டார் இருக்கும். கை ஒரு பக்கம் சாய்ந்தால் மோட்டார் மறுபக்கம் திருப்பும். படம் எடுக்கிற ட்ரோன்களின் அடியில் தொங்குவதும் இதுவே.

அசைவை உணர்வது கைரோஸ்கோப் எனும் கருவி. நம் செல்போனுக்குள்ளேயே அரிசிமணி போல ஒரு சில்லில் அது இருக்கிறது. அதற்குள் மிகச் சிறிய ஒரு துண்டு எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும். போன் திரும்பினால் அந்தத் துண்டு பக்கவாட்டில் விலகும். விலகிய அளவை வைத்து எவ்வளவு திரும்பியது என்று கணக்கு வரும். மகளிர் குழுக்களுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் தருவதாக 2023-ல் ஒன்றிய அரசு நமோ ட்ரோன் தீதி என்ற திட்டத்தை அறிவித்ததே, அந்த ட்ரோன் காற்றில் கவிழாமல் நிற்பதும் இந்தக் கைரோஸ்கோப்பால்தான்.

நான்காவது, கேமராவுக்குள்ளேயே லென்ஸை அல்லது படம் விழும் சில்லை நகர்த்துவது. சாதாரண மக்கள் வாங்கும் கேமராவில் நிக்கான் நிறுவனம் 1994-லும், மாற்று லென்ஸில் கேனான் நிறுவனம் 1995-லும் இதைக் கொண்டுவந்தன. இன்று பல செல்போன்களில் இருக்கிறது. விலை குறைந்த போன்களில் இதற்குப் பதிலாக, படத்தின் ஓரத்தை வெட்டி நடுப்பகுதியை நகர்த்தி ஆட்டத்தை மறைப்பார்கள். பகலில் இது நன்றாகவே வேலை செய்யும். இருட்டில் ஒவ்வொரு படமும் ஏற்கெனவே கலங்கித்தான் பதிவாகியிருக்கும். கலங்கிய படத்தை எத்தனை நகர்த்தினாலும் முகம் வராது.

இங்கே ஒரு எச்சரிக்கை. வீட்டில் பைக் ஓட்டுகிறவர்களிடம் சொல்லுங்கள். கைப்பிடியில் போனை மாட்டி வழி பார்த்துக்கொண்டு போகிறார்கள் அல்லவா? சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு லென்ஸ் நகரும் அந்த நுட்பமான பாகத்தைக் காலப்போக்கில் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் அறிவித்தது.

கேமரா எப்படிப் பின்தொடர்கிறது?

திரும்பும் கேமரா முந்தைய படத்தையும் இப்போதைய படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். எங்கே மாறியிருக்கிறதோ அங்கே ஏதோ அசைந்தது என்று எடுத்துக்கொள்ளும். அசைந்த பொருள் படத்தின் நடுவுக்கு வலப்பக்கம் இருந்தால் மோட்டாரை வலப்பக்கம் திருப்பும். மறுபடி பார்க்கும், மறுபடி திருப்பும். பொருளை நடுவிலேயே வைத்திருக்க ஓயாமல் இப்படிச் செய்யும்.

இப்போது யோசியுங்கள். கேமராவே ஆடினால் படத்தில் சுவர், கதவு, தூண் எல்லாமே மாறியதாகத் தெரியும். எல்லாமே அசைகிறது என்று அது நினைக்கும். நல்ல கேமரா தன் சொந்த அசைவைக் கணக்கில் கழித்துவிட்டு, மிச்சம் அசைவது எது என்று பார்க்கும். மலிவான கேமராவுக்கு அந்தத் திறமை குறைவு. நம் கேமரா மோட்டார் ஓடும்போதெல்லாம் போனுக்கு எச்சரிக்கை மணி அடித்தது அதனால்தான். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை அடிக்கவும், தொல்லை தாங்காமல் நாமே மணியை நிறுத்திவிட்டோம். காவல் நாய் குரைக்கிறதே என்று வாயைக் கட்டின கதை!

அசைவது மனுஷியா, நாயா என்று பிரித்தறிகிற கேமராக்களும் உண்டு. கோவை மதுக்கரைப் பகுதியில் 2021 நவம்பரில் ரயில் மோதி மூன்று யானைகள் செத்துப்போயின. அதன்பின் 2024 பிப்ரவரியில் அங்கே தண்டவாளத்தை ஒட்டிக் கோபுரங்கள் அமைத்து, உடல் வெப்பத்தை வைத்துப் படம் பிடிக்கும் கேமராக்களும் சாதாரண கேமராக்களும் பொருத்தினார்கள். யானை வந்தால் கணினி அடையாளம் கண்டு வனத்துறைக்கும் ரயில்வேக்கும் செய்தி சொல்லும். அங்கே கேமரா உறுதியான கோபுரத்தில் நிற்கிறது என்பதையும், செய்தி வந்தால் உடனே கவனிக்க ஆள் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொரு குறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். திரும்பும் கேமராவுக்கு ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பார்வை. நாயைப் பார்க்கும்போது கதவைப் பார்க்காது. நாலு கேமராவுக்குச் சமம் என்ற பேச்சு தப்பு.

சரி, அந்த மூன்று டின்?

பதினாறாம் நாள் கண்காட்சிக்குப் போயிருந்த நம் உறுப்பினர்கள் கணக்கு ஒப்படைத்தார்கள். அதில் மூன்று டின் நல்லெண்ணெய் விற்பனை இருந்தது. அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு வேன் வந்ததால் அவசரத்தில் ஏற்றிப் போனார்கள். இருப்புப் பதிவேட்டில் எழுதவில்லை. கேமரா பார்த்த உருவம் சாவி வைத்திருந்த அக்கா இல்லை. திருட்டும் இல்லை. தவறு நம் நோட்டில் இருந்தது. பழியை ஒரு மனுஷி மேல் போட்டோம்.

நிர்வாகிகள் எல்லோரும் அந்த அக்கா வீட்டுக்குப் போனோம். டீ போட்டுக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "கேமராவுக்குத் தெரியல, சரி. பன்னெண்டு வருஷமா பாக்குற உங்களுக்குமா தெரியல?" நம்மிடம் பதில் இல்லை. அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டோம். தீர்மானப் புத்தகத்திலும் எழுதி வைத்திருக்கிறோம். சாவி மறுபடி அவரிடமே இருக்கிறது.

கேமரா வாங்கும் குழுக்கள் கவனிக்க வேண்டியவை

* அதிர்வில்லாத சுவரில் மாட்டுங்கள். தகரம், மூங்கில், மோட்டார் பக்கத்துக் குழாய் வேண்டாம்.
* கதவைப் பார்த்து எப்போதும் திரும்பாத கேமரா ஒன்று இருக்கட்டும். திரும்பும் கேமரா அதற்குத் துணைதான்.
* கதவுக்கு மேல் ஒரு விளக்கு போடுங்கள். வெளிச்சம் கூடினால் கேமரா கண் திறக்கும் நேரம் குறையும், முகம் தெளியும்.
* பணம் கொடுப்பதற்கு முன், இருட்டில் ஒருவரை நடக்கவிட்டு அந்தப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள்.
* கேமராவோடு வந்த கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். யார் போனில் படம் தெரியும் என்று தீர்மானம் எழுதுங்கள்.
* வேலை செய்யும் பெண்களை நாள் முழுக்கப் பின்தொடர்ந்து பார்க்கக் கேமரா வேண்டாம். உடை மாற்றும் இடம், கழிப்பறைப் பக்கம் கேமரா திரும்பவே கூடாது. ஒரு பெண்ணை அப்படி ஒளிந்து படம் எடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவின்படி குற்றம். இப்படி நடந்தால் பெண்கள் உதவி எண் 181, இணையக் குற்றத்துக்கு 1930.
* முக்கியமாக, பொருள் வெளியே போனால் முதலில் பதிவேட்டில் எழுதுங்கள், பிறகு வேனில் ஏற்றுங்கள்.

இப்போது நம் கொட்டகைக் கேமரா செங்கல் சுவரில் இருக்கிறது. கதவுக்கு நேராகத் திரும்பாத கேமரா ஒன்றும் மாட்டியாயிற்று. மணியும் தேவையில்லாமல் அடிப்பதில்லை. ஆனாலும் சகோதரிகளே, மங்கலான படத்தைப் பார்த்து இனி யாரும் பெயர் சொல்லக் கூடாது. கலங்கிய படம் சாட்சி ஆகாது. சந்தேகம் வந்தால் முதலில் நோட்டைப் பார்ப்போம், பிறகு ஆளைக் கேட்போம். இதை உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டிப் பேசுங்கள்.