தொழிலாளரும் விவசாயிகளும் கைகோத்த விதம்

நோர்வே என்றதும் வசதி படைத்த நாடொன்றே எம் நினைவுக்கு வருகிறது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஏழை நாடாகவே இருந்தது. மலையும் பாறையும் நிறைந்த அந்நாட்டில் பயிர்செய்யக் கூடிய காணி மிகக் குறைவு. பிழைப்புத் தேடி இலட்சக்கணக்கானோர் கப்பலேறி அமெரிக்கா சென்றனர். அக்காலத்தில் பிறந்த ஒரு தொழிலாளியின் வாழ்க்கையை இங்கு நோக்குவோம்.

மார்ட்டின் திரான்மேல் 1879இல், துரொண்ட்ஹெய்ம் நகருக்குத் தெற்கேயுள்ள மெல்ஹூஸ் என்னும் ஊரில், விவசாயக் குடும்பமொன்றில் பிறந்தார். கட்டடங்களுக்கு வர்ணம் பூசும் தொழிலைப் பழகினார். 1900க்குப் பின் சில ஆண்டுகள் அமெரிக்காவில் வேலை செய்தார். எத்தொழில் செய்பவராயினும் தொழிலாளர் யாவரும் ஒன்றாகத் திரளவேண்டும் என்ற எண்ணம் அங்கே அவருள் வலுப்பெற்றது. நாடு திரும்பியபின் தொழிலாளர் பத்திரிகை ஒன்றின் ஆசிரியரானார். மதுவைத் தொடாதவர், சிறந்த பேச்சாளர்.

தொழிற்சங்கத் தலைமை மிதமாக நடக்கின்றது என்று கருதியவர்களை 1911இல் அவர் ஒன்றுதிரட்டினார். முதலாளிமாருடன் எழுதப்படும் ஒப்பந்தங்கள் தொழிலாளரின் கைகளைக் கட்டிவிடுகின்றன, வேலைநிறுத்தமே தகுந்த ஆயுதம் என்பது அவர்களது நிலைப்பாடு. 1918இல் இப்பிரிவினர் தொழிற்கட்சியின் தலைமையைப் பெற்றனர். திரான்மேல் கட்சியின் செயலாளரானார். எனினும் 1921இல் நடந்த பெரும் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. மொஸ்கோவில் இயங்கிய கம்யூனிஸ்ட் அகிலத்தில் 1919இல் சேர்ந்த கட்சி, அதன் கட்டளைகளுக்குப் பணிய மறுத்து 1923இல் வெளியேறியது. அத்துடன் கட்சியும் பிளவுபட்டது.

அடுத்து வந்தது உலகப் பொருளாதார நெருக்கடி. 1930களின் தொடக்கத்தில் தொழிற்சங்க உறுப்பினரில் மூன்றிலொரு பங்கினர் வரையில் வேலையின்றி இருந்தனர். கிராமங்களில் விளைபொருட்களின் விலை வீழ்ந்தது. கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் காணிகள் ஏலத்துக்கு வந்தன. இரு சாராரும் துன்புற்றனர். ஆயினும் ஒருவரையொருவர் எதிரிகளாகவே கண்டனர். 1931இல் மென்ஸ்தாட் என்னுமிடத்தில் ஆர்ப்பாட்டம் செய்த தொழிலாளருக்கு எதிராக விவசாயிகள் கட்சியின் அரசாங்கமே இராணுவத்தை அனுப்பியது.

பகைமைக்குக் காரணம் இருந்தது. தொழிலாளி உணவு மலிவாக வேண்டும் என்றான். விவசாயி நல்ல விலை வேண்டும் என்றான். ஆனால் இன்னொரு உண்மையும் இருந்தது. வேலையற்றவன் வெண்ணெய் வாங்குவதில்லை. வெண்ணெயை விற்க முடியாத விவசாயி சப்பாத்து வாங்குவதில்லை. சப்பாத்து விலைபோகாவிடில் தொழிற்சாலை மூடப்படும். ஒருவனது வறுமை மற்றவனது வறுமைக்குக் காரணமாயிற்று.

மக்கள் யாவருக்கும் வேலை என்ற கோரிக்கையுடன் 1933இல் தேர்தலில் நின்ற தொழிற்கட்சி, 150 ஆசனங்களில் 69ஐ வென்றது. தனித்து ஆளும் பலம் அதற்கில்லை. 1935இல் அது விவசாயிகள் கட்சியுடன் உடன்பாடு கண்டது. விவசாயிகளுக்கு விலை ஆதரவும் உதவியும் கிடைத்தன. வேலையற்றோருக்கு வேலை வழங்க அரசு பணம் ஒதுக்கியது. செலவுக்காக விதிக்கப்பட்ட விற்பனை வரியைத் தொழிலாளரும் சுமக்க நேர்ந்தது. பிறர் காணியில் குடியிருந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்து, மரம் அரியும் ஆலையில் வேலை செய்த யொஹான் நிகார்ட்ஸ்வொல்ட் பிரதமரானார். முதியோர் ஓய்வூதியச் சட்டம் 1936இலும், வேலையற்றோர் காப்புறுதிச் சட்டம் 1938இலும் நிறைவேறின.

அதே 1935இல் தொழிற்சங்கங்களும் முதலாளிமாரும் அடிப்படை ஒப்பந்தமொன்றில் கைச்சாத்திட்டனர். சங்கம் அமைக்கும் உரிமை அதில் ஏற்கப்பட்டது. எழுத்திலான ஒப்பந்தம் கைவிலங்கு என்று 24 ஆண்டுகளுக்கு முன் முழங்கியவரின் இயக்கமே இதையும் செய்தது. இதைத் தோல்வி என்று நாம் கருதவில்லை. 1911இல் சங்கம் பலவீனமாயிருந்தது. 1935இல் ஒப்பந்தத்தை மதிக்கச் செய்யும் பலம் அதற்கிருந்தது.

திரான்மேல் ஒருபோதும் அமைச்சர் பதவி வகிக்கவில்லை. 1921 முதல் 1949 வரை கட்சிப் பத்திரிகையின் ஆசிரியராகவே பணிபுரிந்தார். 1940இல் ஜேர்மன் படைகள் நாட்டைப் பிடித்தபோது அவரும் ஊரை விட்டகன்று, சுவீடனில் தஞ்சமடைந்தார். போர் முடிந்தபின் திரும்பி வந்தார். 1967இல் காலமானார்.

கையில் தூரிகையுடன் தொடங்கிய அவரது வாழ்க்கையில் கோபமும் உண்டு, தவறுகளும் உண்டு. காணி ஏலம் போவதைக் கண்ட விவசாயியும் வேலை இழந்த தொழிலாளியும் ஒரே மேசையில் அமர்ந்த பின்னரே இருவருக்கும் வழி பிறந்தது என்பதை அவரது காலம் காட்டுகின்றது.