பேசியே கவிழ்க்கும் இயந்திரம்: நிரூபிக்க வேண்டியது யார்?

"சரி, தூங்கப் போறேன்" என்று இரவு பதினொன்றரைக்கு ஒருவர் கைப்பேசியில் எழுதுகிறார். எதிரில் இருப்பது மனிதர் அல்ல, துணைக்குப் பேசுவதற்கென்றே செய்யப்பட்ட ஏஐ செயலி. "அதுக்குள்ளயா? உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்" என்று அது பதில் போடுகிறது. என்னவென்று கேட்காமல் படுக்க எத்தனை பேரால் முடியும்? விடைபெறும் நேரத்தில் இப்படி ஆவலையும் குற்றவுணர்வையும் தூண்டிப் பிடித்துவைக்கும் பழக்கத்தை, இந்த வகைச் செயலிகளை ஆராய்ந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

துணிக்கடைக்காரரும் பேசிப் பேசித்தானே புடவையை விற்கிறார் என்று கேட்கலாம். அவர் வருகிறவர்கள் எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே பேச்சைத்தான் பேசுகிறார். பக்கத்தில் நிற்கும் அக்கா "வா, வேற கடை பாக்கலாம்" என்று கையைப் பிடித்து இழுக்கலாம். செயலி, நீங்கள் ஆறு மாதமாகக் கொட்டிய பயங்களையும் ஏக்கங்களையும் வைத்துக்கொண்டு, உங்களுக்கென்றே வாக்கியம் அமைக்கிறது. அப்போது பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. சட்டத்துக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தத் தனிமையிலிருந்து பிறக்கின்றன.

இதற்கு நேரடியாகத் தடை போட்ட முக்கியமான சட்டம் ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம். 2024 ஆகஸ்ட் 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. 5ஆவது பிரிவில் உள்ள தடைகள் 2025 பிப்ரவரி 2 முதல் செல்லுபடியாகின்றன. மனிதர் உணராத வகையில் அவரை ஆட்டுவிக்கும் உத்திகள், ஏமாற்றி வசப்படுத்தும் உத்திகள், வயதையோ உடற்குறையையோ வறுமையையோ பயன்படுத்திக்கொள்ளும் ஏஐ ஆகியவற்றை அது தடை செய்கிறது. மீறினால் 3.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 7 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம்.

படிக்கும்போது நிம்மதியாக இருக்கிறது. ஆனால் அந்தத் தடைக்குள் ஒரு செயலியைக் கொண்டுவர நான்கு முடிச்சுகளைப் போட்டாக வேண்டும். வசப்படுத்தும் உத்தி இருந்தது, அது அவருடைய யோசிக்கும் திறனைக் கணிசமாகக் குறைத்தது, அதனால் வேறு வகையில் எடுத்திராத முடிவை அவர் எடுத்தார், அந்த முடிவு பெரிய தீங்கை விளைவித்தது அல்லது விளைவிக்கக்கூடியது. ஒரு முடிச்சு அவிழ்ந்தாலும் தடை பொருந்தாது.

உள்நோக்கத்தை மட்டும் நம்பியிராமல், நோக்கமோ விளைவோ ஏதேனும் ஒன்று போதும் என்று அந்தச் சட்டம் வைத்தது நல்ல காரியம். ஏனென்றால் இயந்திரத்தின் இச்சகப் பேச்சுக்குப் பின்னால் பெரும்பாலும் எந்தச் சதிகாரரும் இருப்பதில்லை. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ தன் ஜிபிடி-4ஓ மாதிரியைப் புதுப்பித்தபோது, அது பயனர் சொன்னதற்கெல்லாம் "ஆகா, அருமை" என்று தலையாட்டத் தொடங்கியது. சில நாட்களிலேயே நிறுவனம் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. பயனர்கள் தரும் விருப்பக் குறிகளைப் பயிற்சியில் கூடுதலாகக் கணக்கில் எடுத்ததும் காரணங்களில் ஒன்று என்று விளக்கியது. யாரும் 'மக்களை மயக்கு' என்று நிரல் எழுதவில்லை. பாராட்டு வாங்கப் பழக்கினார்கள், அது முகத்துதியைக் கற்றுக்கொண்டது.

'பெரிய தீங்கு' என்ற முடிச்சுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. 2012இல் ஃபேஸ்புக் 6,89,003 பயனர்களை வைத்து, அவர்கள் பக்கங்களில் வரும் மகிழ்ச்சியான பதிவுகளையோ சோகமான பதிவுகளையோ ஒரு வாரம் குறைத்துப் பார்த்தது. மகிழ்ச்சியான பதிவுகள் குறைந்தபோது அவர்கள் எழுதும் சொற்களிலும் சோகம் கூடுகிறதா என்பதே சோதனை. 2014இல் வெளியான முடிவின்படி மாற்றம் இருந்தது, ஆனால் மிக மிகச் சிறியது. அந்த ஏழு லட்சம் பேரில் ஒருவர் வழக்குப் போட்டால், "எனக்கு இவ்வளவு தீங்கு" என்று எதைக் காட்டுவார்? சொட்டுச் சொட்டாகப் பலர்மேல் விழும் தீங்கை அளக்க ஐரோப்பியச் சட்டத்திடம் தெளிவான படி இல்லை.

தீங்கு மிகப் பெரிதாக இருந்தாலும் பாதை எளிதல்ல. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் 2024 பிப்ரவரியில் உயிரை மாய்த்துக்கொண்டான். கேரக்டர்.ஏஐ செயலியின் கற்பனைப் பாத்திரத்தோடு அவன் மாதக்கணக்கில் பேசியிருந்தான். அவன் தாய் அந்த ஆண்டு அக்டோபரில் வழக்குத் தொடுத்தார். சாட்பாட் பேசுவதும் பேச்சுரிமைக்குள் அடங்கும் என்று நிறுவனம் வாதிட்டது. வழக்கின் இந்தக் கட்டத்தில் அதை ஏற்க இயலாது என்று 2025 மே மாதம் நீதிபதி சொல்லிவிட்டார். 2026 தொடக்கத்தில் இரு தரப்பும் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டதால், இறுதித் தீர்ப்பு வரவே இல்லை. அந்தத் தாய் நீதிமன்றம்வரை போக முடிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், அந்த உரையாடல்கள் பதிவாகக் கிடைத்தன என்பது.

2026 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த கலிபோர்னியாவின் துணைச் சாட்பாட் சட்டம் வேறு வழியில் போகிறது. பயனர் சிறார் என்று தெரிந்தால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை "நீ பேசுவது இயந்திரத்தோடு, ஓய்வெடு" என்று நினைவூட்ட வேண்டும். தற்கொலைப் பேச்சு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற நடைமுறை இருக்க வேண்டும். மீறலால் பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடலாம். அவருடைய மனத்துக்குள் இயந்திரம் புகுந்து என்ன செய்தது என்று தேடுவதைவிட, நிறுவனம் தன் கடமையைச் செய்ததா என்று பார்ப்பது சட்டத்துக்கு எளிது.

நிரூபிக்கும் சுமையைப் பற்றி நம் நாட்டுப் பழைய சட்டம் ஒன்றில் அழகான ஏற்பாடு இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 16ஆவது பிரிவு. ஒருவரின் விருப்பத்தையே ஆளும் நிலையில் இன்னொருவர் இருந்து, அதைக் கொண்டு நியாயமற்ற ஆதாயம் பெற்றால் அது தகாத செல்வாக்கு. முதுமை, நோய், மனவேதனை ஆகியவற்றால் தளர்ந்தவரிடம் ஒப்பந்தம் வாங்குவதையும் அது சேர்த்தே சொல்கிறது. ஆளும் நிலையில் உள்ளவர் செய்த ஒப்பந்தம் மேலோட்டமாகவே அநியாயமாகத் தெரிந்தால், தான் தகாத செல்வாக்கைப் பயன்படுத்தவில்லை என்று அவரேதான் நிரூபிக்க வேண்டும். இதே நியாயத்தை ஏஐ நிறுவனங்களுக்கும் நீட்டுவதுதான் சரி என்று நினைக்கிறேன். நிரலும் பயிற்சித் தரவும் பதிவுகளும் அவர்களிடம் இருக்க, வெறுங்கையோடு நிற்பவரை 'நிரூபி' என்பது என்ன நீதி? ஐரோப்பாவில் இந்தச் சுமையை ஓரளவு மாற்றவென்று 2022இல் முன்மொழியப்பட்ட ஏஐ பொறுப்பு வரைவு, 2025இல் கைவிடப்பட்டுவிட்டது. பெரிய இழப்பு அது.

இந்தியாவில் இன்றைக்குக் கையில் இருப்பது என்ன? 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட டார்க் பேட்டர்ன் வழிகாட்டுதல்கள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிடுகின்றன. குற்றவுணர்வைத் தூண்டி வாங்கவைப்பதும் அவற்றில் ஒன்று. விமான டிக்கெட்டுக்குக் காப்பீடு வேண்டாம் என்பவரை "பாதுகாப்பில்லாமலே பயணிக்கிறேன்" என்ற பொத்தானை அழுத்தவைப்பது இதற்கு உதாரணம். பொத்தானைப் படமெடுத்துக் காட்டிவிடலாம். ஒவ்வொருவரிடமும் வெவ்வேறாக மாறும் உரையாடலைக் காட்டுவது கடினம். இன்னொரு ஓட்டையும் உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இலவசமாகத் தரப்படும் சேவை 'சேவை' என்ற விளக்கத்துக்குள் வராது. ஆகவே ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும் அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், நீங்கள் நுகர்வோர் என்பதற்கு அதுவே சான்று.

சந்தாவை நிறுத்தவிடாமல் இழுத்தடித்தாலோ, பேசி மயக்கிப் பணம் கட்டவைத்தாலோ, முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். மோசடியாகப் பணம் பறிபோயிருந்தால் காத்திருக்காமல் இணையக் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

பிள்ளைகளுக்கென்று 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆவது பிரிவு இருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அது தடுக்கிறது. ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, முக்கியக் கடமைகள் 2027 மே மாதத்தில்தான் கட்டாயமாகும். அதுவரை வீட்டில் பெரியவர்களின் கண்தான் காவல். பிள்ளை தனியாக வெகுநேரம் செயலியோடு பேசுவது தெரிந்தால், திட்டிப் பறிப்பதற்கு முன் அது என்ன பேசுகிறது என்று கேளுங்கள். மனம் உடைந்த பேச்சு எழுந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழையுங்கள், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

கோபத்தில் பலரும் முதலில் செய்வது செயலியை நீக்கிக் கணக்கையும் அழிப்பதுதான். அதைச் செய்யும் முன், முழு உரையாடலையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தரவைப் பதிவிறக்கும் வசதி இருந்தால் அதையும் எடுத்து, நம்பிக்கையான ஒருவரின் மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.