கணனியின் வேகமும் நினைவகத்தின் வகுப்பியும்

குறைந்த பொருள் கொண்டு நிறைந்த பயன் பெற விழைவது மக்களின் இயல்பு. கணனித் துறையில் இவ்விழைவு, மலிவான செயலியை விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் வழக்கமாக வளர்ந்தது. ஏ.எம்.டி. நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட, 939 முனைகள் கொண்ட அத்லோன் 64 3000+ என்னும் செயலி இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

செயலியின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கமே. தாய்ப்பலகை தரும் அடிப்படைத் துடிப்பு 200 மெகாஹேர்ட்ஸ்; செயலியின் பெருக்கி 9; எனவே வேகம் 1800. பெருக்கியைக் குறைக்கலாம், உயர்த்த இயலாது. எஞ்சிய வழி அடிப்படைத் துடிப்பை உயர்த்துதலே. அதனை 267 ஆக்கின் வேகம் ஏறத்தாழ 2400 ஆகும். விலை மிகுந்த 3800+ செயலியின் வேகமும் அதுவே.

ஆயின் ஈண்டு ஓர் இடர் தோன்றுகின்றது. இவ்வகைச் செயலியில், அதன் வேகத்தை ஒரு முழு எண்ணால் வகுத்தே நினைவகத்தின் துடிப்பு பெறப்படுகின்றது. 1800ஐ 9ஆல் வகுத்தால் 200. டிடிஆர் 400 நினைவகத்துக்கு உரிய அளவு அது. 2400ஐ அதே 9ஆல் வகுத்தால் 267. சாதாரண நினைவகம் இதனைத் தாங்காது. வகுப்பியை 12 ஆக்கின் மீண்டும் 200 கிடைக்கும். 14 ஆக்கின் 171. அமைப்புத் திரையில் இவை முறையே 150, 133 என்னும் அளவுகளாகவே காணப்படும். நினைவகம் சற்றுத் தளர்ந்தாலும், செயலி பெற்ற வேகம் பெரும்பாலான பணிகளில் அவ்விழப்பை ஈடுசெய்யும். விலை உயர்ந்த நினைவகம் வாங்கும் செலவும் தவிரும்.

தெரிவு செய்வோர் தாய்ப்பலகையையும் ஆராய்தல் வேண்டும். 3200+ செயலியின் பெருக்கி 10. அதற்கு 240 துடிப்பே போதும். எனவே தாய்ப்பலகை வலிமை குன்றியதாயின் 3200+ நன்று; வலிமையுடையதாயின் 3000+ போதும். ஹைப்பர் ட்ரான்ஸ்போர்ட் இணைப்பின் பெருக்கியை 5இலிருந்து 3ஆகக் குறைக்கவும், பிசிஐ துடிப்பை 33இல் நிலைநிறுத்தவும் பலகை இடந்தருதல் வேண்டும். இன்றேல் வன்தட்டிலுள்ள தரவுகள் சிதையக்கூடும்.

ஒரே பெயருடைய செயலிகள் யாவும் ஒரே அளவு தாங்குவதில்லை. ஆதலின் துடிப்பைச் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் மெம்டெஸ்ட்86 போன்ற செயலாற்றிகளால் சோதித்தல் வேண்டும். கணனி நின்றுபோவது சிறு தீங்கு; நில்லாமல் ஓடியவாறே கணக்கேட்டின் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதுவதே பெருந்தீங்கு. பிழையின்றி ஓடும் வேகமே உண்மையில் மிச்சம் பிடித்த வேகமாகும்.